திறந்த சந்தை ஏன் சில நாடுகளில் நிலைக்கிறது, ஏன் சில நாடுகளில் மறுபடியும் மூடப்படுகிறது? வேலூர் வகுப்பறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேலூரில் பொருளியல் கற்பிக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, குடியாத்தம், ராணிப்பேட்டை ஊர்களிலிருந்து காலை பஸ்ஸில் வரும் பிள்ளைகள் என் வகுப்பில் நிறைய. பல வீடுகளில் அம்மா ஷூ கம்பெனியில் தைப்பவர், அப்பா டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலை செய்பவர், அல்லது பாட்டி தீப்பெட்டி ஒட்டியவர். டெல்லியில் ஒரு சுங்க வரி மாறினால் அடுத்த மாதம் அவர்கள் வீட்டில் ஓவர்டைம் கூடுகிறது அல்லது நின்றுபோகிறது. அதனால் வணிகக் கொள்கை பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகள் கூர்மையாக இருக்கும். பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வணிகத் தாராளமயம் என்றால் என்ன?

வெளிநாட்டுச் சரக்கு உள்ளே வருவதற்கும் நம் சரக்கு வெளியே போவதற்கும் அரசு வைத்திருக்கும் தடைகளைக் குறைப்பது. சுங்க வரியைக் குறைப்பது, இறக்குமதி லைசென்ஸை நீக்குவது, ஏற்றுமதிக்கான தடையையும் வரியையும் எடுப்பது, நாணய மதிப்பைச் செயற்கையாகத் தூக்கிப் பிடிக்காமல் விடுவது ஆகிய எல்லாம் இதில் அடங்கும்.

நாட்டுக்கு நன்மை என்றால் அது தானாகவே நிலைக்க வேண்டும் அல்லவா?

நிலைக்காது. காரணத்தைக் குடியாத்தத்திலிருந்தே சொல்கிறேன்.

2023 ஜூன் மாதம் இந்திய அரசு, 20 ரூபாய்க்குக் குறைந்த விலையில் வந்திறங்கும் சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஒரு பிளாஸ்டிக் லைட்டர் பல தீப்பெட்டிகளின் வியாபாரத்தைத் தின்றுவிடுகிறது என்று கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் பகுதித் தீப்பெட்டித் தொழில் சார்பில் குரல் எழுந்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் கடிதம் எழுதினார், தடை வந்தது. லைட்டர் வாங்கியவர்கள் நாடு முழுவதும் கோடிக்கணக்கில் இருந்தார்கள், ஆனால் அவர்களில் ஒருவரும் கடிதம் எழுதவில்லை. ஒருவருக்கு மாதம் பத்து ரூபாய் மிச்சம் என்றால் அதற்காக யார் சென்னைக்கு ரயில் ஏறுவார்? தீப்பெட்டித் தொழிலாளிக்கோ அது முழுப் பிழைப்பு.

அந்தத் தடையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வேலையை நம்பியிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும். ஆனாலும் பொறிமுறை இதுதான்: திறப்பதன் ஆதாயம் பலருக்குத் துளித்துளியாகச் சிதறுகிறது, இழப்பு சிலர் தலையில் மொத்தமாக இறங்குகிறது. துளி பெற்றவர் பேசமாட்டார், மொத்தமாக இழந்தவர் சும்மா இருக்கமாட்டார். ஆகவே ஒரு சீர்திருத்தம் நிலைக்க வேண்டுமானால், அதை நம்பிப் பிழைக்கும் ஒரு கூட்டம் விரைவாக உருவாக வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாவற்றிலும் இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் தேடிப் பார்க்கிறேன்.

இந்தியா சந்தையைத் திறந்த 1991-க்கு முன் முயன்றதே இல்லையா?

முயன்றது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். அதுவரை ஒரு டாலருக்கு 4.76 ரூபாய், அன்று முதல் 7.50 ரூபாய். கூடவே 59 தொழில்களுக்கு மூலப்பொருள் இறக்குமதி லைசென்ஸ் தளர்ந்தது, சில சுங்க வரிகள் குறைந்தன, ஏற்றுமதி ஊக்கத்தொகைகள் நீக்கப்பட்டன. தாளில் படித்தால் நேர்த்தியான திட்டம். இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி கரைந்துபோனது. ஊக்கத்தொகைகள் வேறு பெயரில் திரும்பின, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மீண்டும் இறுகின.

ஏன் என்று கேட்பவர்களிடம் முதலில் மழையைப் பற்றிச் சொல்வேன். 1965-66, 1966-67 என்று அடுத்தடுத்து இரண்டு வறட்சிகள். அமெரிக்கக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் என்ற நிலை. அரிசி விலை ஏறியதற்குக் காரணம் வறட்சி. மக்கள் கண்ணில் பட்டதோ ‘ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், விலை ஏறிவிட்டது’ என்பது மட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் ஒன்றின் பழி இன்னொன்றின் மேல் விழுந்தது. அந்த ஆண்டுகளில் அரிசிக்காக வரிசையில் நின்ற பெரியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது வெளி அழுத்தம். உலக வங்கியின் பெல் குழு இந்த மதிப்புக் குறைப்பைப் பரிந்துரைத்தது, உதவி தரும் நாடுகள் ஆண்டுக்கு 90 கோடி டாலர் அளவில் உதவி பேசின. முதல் ஆண்டுக்குப் பின் அது பேசிய அளவில் வரவில்லை. இறக்குமதியைத் திறந்துவிட்டுக் கையில் டாலர் இல்லாமல் நிற்கும் அரசு வேறு என்ன செய்யும்? மறுபடி லைசென்ஸ் முறைக்குத்தான் போகும்.

அரசியல் பக்கம் இன்னும் பலவீனம். காங்கிரஸ் தலைவர் காமராசரைக் கலந்துகொள்ளாமல் எடுத்த முடிவு இது, அவர் வெளிப்படையாகவே அதிருப்தி கொண்டார். 1954-இல் முதலமைச்சராக இருந்த அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது நம் குடியாத்தம் தொகுதி, ஆகவே இந்த வரலாறு நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. முடிவுக்கு அணைகொடுக்க ஆளும் கட்சியின் தலைவரே இல்லை. அடுத்த ஆண்டு தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று சொல்லிக் களமிறங்கியது, மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சி போயிற்று, காமராசரே விருதுநகரில் தோற்றார். அரிசியும் மொழிப் போராட்டமும்தான் அந்தத் தேர்தலின் முதன்மைக் காரணங்கள். இருந்தாலும் நாணய மதிப்புக் குறைப்பு என்ற சொல்லையே அதற்குப் பின் எந்த அரசியல்வாதியும் பல ஆண்டுகள் தொடவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த இரண்டு ஆண்டுகளில் சீர்திருத்தத்தால் பிழைத்தவர் என்று ஒருவரும் உருவாகவில்லை. வறட்சியால் வேளாண் சார்ந்த ஏற்றுமதிக்குச் சரக்கே இல்லை, டாலர் விலை ஏறியும் விற்க எதுவுமில்லை. ஆதாயம் வருமுன் பொறுமை தீர்ந்துவிட்டது.

அப்படியானால் 1991 மட்டும் எப்படி நிலைத்தது?

நிலைமை இன்னும் மோசமாக இருந்தது என்பது ஒரு காரணம். 1991 ஜூன் மாதம் நாட்டின் அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதுமானது. மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனது, ஜூலையில் சுமார் 47 டன் இங்கிலாந்து, ஜப்பான் வங்கிகளுக்கு அடகாகப் போனது. நகையை அடகு வைத்த வீட்டில் என்ன மௌனம் இருக்கும் என்று நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பழைய முறையே தொடரட்டும் என்று சொல்ல அந்த நேரத்தில் பலருக்கு வாய் எழவில்லை.

ஆனால் 1966-இலும் நெருக்கடி இருந்ததே! வித்தியாசம் செய்த விதத்தில் இருக்கிறது.

நரசிம்ம ராவ் அரசில் மன்மோகன் சிங் நிதியமைச்சர், ப. சிதம்பரம் வணிக அமைச்சர். ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு கட்டமாகக் குறைந்தது. அதோடு நிறுத்தவில்லை: 1992 மார்ச்சில் இரட்டை மாற்று விகிதம் (ஒரு பகுதி டாலர் அரசு விலையில், மீதி சந்தை விலையில்), 1993 மார்ச்சில் சந்தை விகிதம் என்று ரூபாய் படிப்படியாகச் சந்தையோடு நகர விடப்பட்டது. இறக்குமதி திறந்தபோது ஏற்றுமதிக்கும் ஆதாயம் கிடைத்தது. 1966 போல அடுத்தடுத்து இரண்டு வறட்சிகளும் வரவில்லை.

என் கணிப்பில் மிகவும் கெட்டிக்காரத்தனமான முடிவு, எதை முதலில் திறப்பது என்ற வரிசையில் இருந்தது. முதலில் இயந்திரங்களையும் மூலப்பொருள்களையும் திறந்தார்கள். நுகர்பொருள் இறக்குமதி பெரும்பாலும் மூடியே இருந்தது. 2000 ஏப்ரலில் 714 பொருள்கள், 2001 ஏப்ரலில் 715 பொருள்கள் என்றுதான் கடைசி அளவுக் கட்டுப்பாடுகள் (இவ்வளவுதான் இறக்கலாம் என்ற வரம்புகள்) போயின, அதுவும் உலக வர்த்தக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்ற பிறகு. பத்து ஆண்டுகள்! அதற்குள் நம் பக்கத்து ஷூ கம்பெனிகள் இத்தாலிய இயந்திரம், ஐரோப்பியப் பசை, ரசாயனம், சோல் என்று இறக்குமதியை நம்பியே வேலை செய்யப் பழகிவிட்டன. மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்தன. மூடச் சொன்னால் எதிர்த்துக் குரல் கொடுக்கும் கூட்டம் உருவாகியிருந்தது.

1990-91-இல் 300 விழுக்காட்டையும் தாண்டியிருந்த உச்ச சுங்க வரி 1991-இல் 150, பிறகு 110, 85, 65, 50 என்று ஆண்டுதோறும் இறங்கியது. வேளாண்மை அல்லாத பொருள்களுக்கு 2007-இல் 10 ஆனது. இதற்கிடையில் 1996-இல் ஐக்கிய முன்னணி, 1998-இல் பா.ஜ.க. கூட்டணி, 2004-இல் மீண்டும் காங்கிரஸ் கூட்டணி. எதிர்க்கட்சியாக இருந்து திட்டியவர்கள் ஆட்சிக்கு வந்தும் அதே பாதையில் நடந்தார்கள். ஒரு சீர்திருத்தம் வேர்விட்டதா என்று அறிய இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

நெருக்கடி வந்தால்தான் சீர்திருத்தம் வருமா?

பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. நிலைப்பது வேறு கதை. கானாவில் 1971 டிசம்பரில் புசியா அரசு நாணய மதிப்பைக் கடுமையாகக் குறைத்தது. மூன்று வாரங்களுக்குள், 1972 ஜனவரி 13 அன்று, ராணுவம் ஆட்சியைப் பிடித்து அந்தக் குறைப்பில் பெரும்பகுதியைத் திருப்பியது. பதினொரு ஆண்டு கழித்து 1983-இல் ராலிங்ஸ் அரசு தொடங்கிய சீர்திருத்தம் நிலைத்தது. இடைப்பட்ட காலத்தில் கொக்கோ விவசாயிக்குக் கிடைத்த விலை படுபாதாளத்துக்குப் போய், கொக்கோ எல்லை தாண்டிக் கடத்தப்பட்டுக்கொண்டிருந்தது. பழைய முறையில் காப்பாற்ற எதுவும் மிஞ்சவில்லை, விலை உயர்ந்தபோது கொக்கோ விவசாயி சீர்திருத்தத்தின் பக்கம் நின்றார்.

சர்வாதிகாரம் இருந்தால் எளிதா?

தொடங்குவது எளிது. மேலே சொன்ன கானாவில் இரண்டு முறையும் ராணுவ ஆட்சிதான்: ஒன்று திருப்பியது, மற்றொன்று திறந்தது. இதில் விதி எதுவும் இல்லை.

நாணய மதிப்பைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

சுங்க வரியைக் குறைத்துவிட்டு நாணயத்தை மட்டும் உயரத்தில் கட்டிவைத்தால், வெளிச்சரக்கு மலிவாகக் கொட்டும், உள்ளூர்ச் சரக்கு விலைபோகாது. சிலி அதற்கு நல்ல பாடம். 1973-இல் சராசரியாக 100 விழுக்காட்டை ஒட்டியிருந்த வரிகளை 1979-இல் ஒரே சீராக 10 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு பெசோவை டாலருக்கு 39 என்று கட்டினார்கள். 1982-இல் பொருளாதாரம் சரிந்தது. வரி படிப்படியாக ஏறி 1984-இல் 35 ஆனது.

ஆனால் சிலியின் கதை அங்கே முடியவில்லை, நான் சிலியை விரும்பிக் கற்பிப்பதும் அதனால்தான். பெசோவின் மதிப்பைக் குறைத்த பிறகு பழம், மரம், மீன் ஏற்றுமதி வளர்ந்தது. 1988-க்குள் வரி 15-க்கு இறங்கியது. 1990-இல் ஜனநாயகம் திரும்பி, ராணுவ ஆட்சியாளர் பினோசெட்டை எதிர்த்தவர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். அவர்கள் 1991-இல் வரியை 11-ஆக மேலும் குறைத்தார்கள்.

இலங்கையில் என்ன நடந்தது?

1968-இல் டட்லி சேனநாயக்க அரசு அரைகுறையாகத் திறந்தது, 1970-இல் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சி மூடியது. 1977-இல் ஜெயவர்தன முழுவதுமாகத் திறந்தார். 1978-இல் கட்டுநாயக்க வணிக வலயம் வந்தது, ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குப் போனார்கள். 1994-இல் சிறிமாவோவின் மகள் சந்திரிகா ஆட்சிக்கு வந்தபோது, தன் தாயார் ஆட்சியின் பாதைக்குத் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் அந்தப் பெண்களின் வேலை என்ன ஆகியிருக்கும்?

தமிழர்கள் மறக்கக் கூடாத பக்கம் ஒன்று இதில் உண்டு. 1970-77 காலத்து இறக்குமதித் தடையால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்து யாழ்ப்பாண விவசாயிகள் நிமிர்ந்திருந்தார்கள். 1977-க்குப் பின் இறக்குமதி திறந்தபோது அந்த விலை போயிற்று. அவர்களுக்கு ஈடு எதுவும் செய்யப்படவில்லை. ஏற்கெனவே குவிந்திருந்த கசப்புகளோடு இதுவும் சேர்ந்தது. சீர்திருத்தம் கொழும்பைச் சுற்றி நிலைத்தது என்று எழுதும்போது, யாழ்ப்பாணத் தோட்டத்தில் அது எப்படித் தெரிந்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நம் தோல் தொழிலுக்கு இதில் என்ன இடம்?

ஒருகாலத்தில் இங்கிருந்து போனது ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட அரைகுறைத் தோல். வெளிநாட்டில் அதை முடித்து, ஷூவாக்கி, பல மடங்கு விலைக்கு விற்றார்கள். 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தபடி 1973 முதல் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பச்சைத் தோல் வெளியே போவதும் தடுக்கப்பட்டிருந்தது. பெரிய டேனரிகள் முழுப்பதனிடலுக்கு மாறின. அதன் பின் ஷூவும் ஷூவின் மேற்பாகமும் வந்தன, ஆம்பூரின் கம்பெனி பஸ்கள் வந்தன.

இது தாராளமயத்துக்கு நேர் எதிரான கொள்கை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு நின்றது. 1991 நிலைத்த அதே காரணத்தால் நிலைத்தது: அதை நம்பிப் பிழைப்பவர்கள் இங்கே உருவானார்கள். கொள்கை சரியா தவறா என்பதைவிட அதற்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று நான் சொல்வதற்கு இதுவே என் முதல் சான்று. சிறிய டேனரிகள் இந்த மாற்றத்தில் நசுங்கின என்பதையும் சொல்லியாக வேண்டும். முழுப்பதனிடலுக்கான இயந்திரம் வாங்க அவர்களிடம் முதல் இல்லை.

சமீபத்திய நிகழ்ச்சி இன்னும் கவலைக்குரியது. 2021 பட்ஜெட்டில், உள்நாட்டிலேயே தோல் போதுமான அளவு கிடைக்கிறது என்று சொல்லி வெட் புளூ (குரோமில் பதனிட்ட ஈரத் தோல்) உள்ளிட்ட சில தோல்களின் இறக்குமதி வரிவிலக்கை எடுத்தார்கள். 2025 பட்ஜெட்டில், உள்நாட்டில் மதிப்புக் கூட்டவும் வேலைவாய்ப்புக்கும் உதவும் என்று சொல்லி வெட் புளூவுக்கு அதே வரியை முழுவதுமாக நீக்கினார்கள். பாதிபதனிட்ட கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 விழுக்காடு ஏற்றுமதி வரியும் போனது, இந்த முறை சிறிய டேனரிகளின் பெயரைச் சொல்லியே. நான்கு ஆண்டுகளில் அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை. தோல் பதனிடும் புதிய டிரம் வாங்கக் கடன் எடுக்கும் ஒருவர் ஏழு, எட்டு ஆண்டுக் கணக்குப் போடுவார். வரி நான்கு ஆண்டுகூட நிற்காது என்றால் அவர் கடனே எடுக்கமாட்டார். அவர் முதல் போடாததால் சீர்திருத்தத்துக்குச் சொந்தக்காரர் உருவாகமாட்டார், சொந்தக்காரர் இல்லாததால் அடுத்த பட்ஜெட்டில் அது மறுபடி புரளும். திறப்பதா மூடுவதா என்ற விவாதத்தைவிட இந்தப் புரட்டல்தான் நம் ஊரை அதிகம் வதைக்கிறது.

இழந்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நம் மாவட்டங்களில் முதலில் நினைவுக்கு வருவது பாலாறு. ஏற்றுமதி வளர்ந்த ஆண்டுகளில் டேனரிக் கழிவுநீர் ஆற்றிலும் நிலத்திலும் இறங்கியது, கிணறுகள் உப்புக் கரித்தன, தென்னை பட்டுப்போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாகவே அறிவித்தது. நாடு முழுவதும் சட்டக் கல்லூரிகளில் படிக்கும் வழக்கு அது. ஆனால் 2025 ஜனவரியிலும் அதே உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு பற்றி மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

ஈடு கொடுக்காத சீர்திருத்தம் நிலைத்தாலும் அது நியாயமானது ஆகிவிடாது. இழந்தவர் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார் என்பதை ஏற்றுமதிக் கணக்கு காட்டாது.

திறந்ததை மறுபடி மூடவிடாமல் உலக வர்த்தக அமைப்பும் ஒப்பந்தங்களும் பூட்டாக இருக்காதா?

ஓரளவு. 1994 டிசம்பரில் மெக்சிகோவின் பெசோ சரிந்தது. அடுத்த ஆண்டு அந்த நாடு காலணி, ஆடை, தோல் பொருள்கள் மீதான வரியை 35 விழுக்காட்டுக்கு உயர்த்தியது, ஆனால் ஒப்பந்தம் இல்லாத நாடுகளுக்கு மட்டும். 1994-இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்தில் இருந்த அமெரிக்கா, கனடா பக்கம் கைவைக்கவில்லை. பூட்டிய பக்கம் நின்றது, பூட்டாத பக்கம் ஏறியது.

இந்தியா உலக வர்த்தக அமைப்பில் ஒப்புக்கொண்டிருக்கும் உச்ச வரி, நடைமுறையில் வசூலிப்பதைவிடப் பல பொருள்களுக்கு மிக உயரம். இடைவெளி அகலமாக இருப்பதால் ஒப்பந்தத்தை மீறாமலேயே ஏற்றலாம். வரியைத் தொடாமலும் மூடலாம்: 2020-இல் காலணிகளுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, தர முத்திரை இல்லாத காலணியை விற்க முடியாது. தரம் வேண்டும்தான். இறக்குமதியைக் குறைக்கவும் அது பயன்படுகிறது.

இந்தியா பின்வாங்கிவிட்டதா?

சில பொருள்களில் ஆம். காலணிக்கான சுங்க வரி 2018 பிப்ரவரியில் 10-லிருந்து 20 ஆனது, அதே ஆண்டு செப்டம்பரில் 25, 2020 பிப்ரவரியில் 35. இருபதாண்டுப் போக்கிலிருந்து விலகுவதாக 2018 பட்ஜெட் உரையே சொன்னது. 2019 நவம்பரில் ஆசிய-பசிபிக் நாடுகளின் பெரிய வணிக உடன்பாட்டுக்கான (RCEP) பேச்சிலிருந்தும் இந்தியா வெளியேறியது. மறுபக்கம், 2025 ஜூலையில் பிரிட்டனுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1966 போல முழுவதும் கரையவில்லை: எதற்கும் அரசு அனுமதி கேட்ட லைசென்ஸ் ராஜ்யம் திரும்பவில்லை, ரூபாயும் கட்டப்படவில்லை.

2025-இல் அமெரிக்கா நம் சரக்குக்குப் போட்ட வரி எந்த வகை?

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியச் சரக்குகள் பலவற்றுக்கு அது 50 விழுக்காடானது. செல்வந்த நாட்டின் பின்வாங்கல் அது, காரணங்கள் வேறு. ஆனால் விளைவு இங்கே எதிரொலிக்கும். திறந்த சந்தைக்காக இங்கே பேசுபவர்கள் ஏற்றுமதியாளர்களும் அவர்களிடம் வேலை செய்பவர்களும்தான். வெளிச்சந்தை அடைபட்டால் அவர்கள் குரலும் தளரும், உள்ளே மூடச் சொல்பவர்கள் குரல் ஓங்கும்.

ஐயா, பட்ஜெட் அன்று நாங்கள் எதைப் பார்க்க வேண்டும்?

உரையை மட்டும் கேட்காதீர்கள். அதனுடன் வரும் சுங்க விளக்கக் குறிப்பை எடுங்கள், தோல், காலணி, ரசாயனம், இயந்திரம் என்று உங்கள் வீட்டைத் தொடும் வரிகளைத் தேடுங்கள். 2021-இல் சுங்கச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது: நிபந்தனையோடு தரும் வரிவிலக்குகள், வேறு தேதி குறிப்பிடாவிட்டால், பெரும்பாலும் இரண்டு ஆண்டு கழிந்து வரும் மார்ச் 31 அன்று காலாவதியாகும். ஆகவே எந்த விலக்கைக் கண்டாலும் முடியும் தேதி பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். என் மாணவர்களை அந்தத் தேதிகளை நோட்டில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்கிறேன். போன ஆண்டு ஒரு பெண் அதை மேற்பார்வையாளராக இருக்கும் தன் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். அம்மா அதைக் கம்பெனி அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்.